பந்தியில் மூத்தவர் யார்

ஜிபாருக்கு ஊரில் ஒரு பட்டப்பெயர் உண்டு: கிழங்களை ஆட்டுவிக்கிறவள். சந்தையில் அவள் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருப்பாள், பின்னாலிருந்து எவளாவது, "என்ன ஜிபார், இன்னைக்கு யாரை ஆட வச்ச?" என்று கேட்டுவிட்டுப் பக்கத்தில் நிற்பவளின் விலாவில் இடிப்பாள். ஜிபார் ஒன்றும் வாய் செத்தவள் இல்லை. "உன் மாமியாரைக் கொண்டாந்து விடு, அவ ஆடுறதை நீயே வந்து பாரு" என்பாள். கேட்டவளுக்கு முகம் சுண்டிப்போகும். பெற்றவர்களை முதியோர் இல்லத்தில் விடுவது எங்கள் பக்கத்தில் வாயால் சொல்லக் கூசுகிற காரியம். விட்டவர்கள் உண்டு, விட்டேன் என்று சொன்னவர்கள் இல்லை.

சூய் பள்ளத்தாக்கில், சர்க்கரை ஆலைக்குப் போகிற பீட்ரூட் வயல்களுக்கு நடுவே நிற்கிறது அந்த இல்லம். இரண்டு தளம், அறுபது கட்டில். ஜிபாரின் வேலைக்குக் காகிதத்தில் கலாச்சார அமைப்பாளர் என்று பெயர். உள்ளே இருப்பவர்களுக்கு அவள் நிகழ்ச்சிக்காரி. அவள் தலைநகரத்தில் கலாச்சாரக் கல்லூரியில் படித்தது கூட்டுப்பண்ணை மன்றங்களை நடத்துவதற்காக. ஐந்து வருடம் நடத்தவும் செய்தாள். பிறகு நாடே துண்டுதுண்டாகக் கலைந்துபோனது, கூட்டுப்பண்ணைகளும் போயின. அவள் நாடகம் போட்ட மேடையில் எவனோ உர மூட்டை அடுக்கினான். ஒன்பது வருடம் பெரிய சந்தையில் காலுறை விற்றாள். முப்பத்தைந்தாவது வயதில் இந்த வேலை கிடைத்தபோது, புருஷன் வீட்டார் இதற்குக் காலுறையே மேல் என்றார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு பத்தொன்பது வருடம் ஓடிவிட்டது.

அவளுக்கு முன்னால் இருந்தவர் செய்தது இதுதான்: எல்லோரையும் கூடத்தில் தள்ளிக்கொண்டுவந்து உட்காரவைப்பார், பாட்டுப்பெட்டியைத் திருகுவார், பதிவேட்டில் 'இசை நிகழ்ச்சி, நாற்பது பேர்' என்று எழுதுவார், வீட்டுக்குப் போய்விடுவார். நாற்பது பேரில் முப்பது பேர் உட்கார்ந்தபடியே தூங்குவார்கள். ஜிபார் முதல் வாரம் அவர்களோடு சும்மா உட்கார்ந்து பார்த்தாள். ஒரு விஷயம் பிடிபட்டது. இவர்களுக்குப் பாட்டுக்குப் பஞ்சமில்லை. உலகத்தில் எவனுக்கும் இவர்களால் ஒரு காரியமும் ஆகவேண்டியதில்லை, அதுதான் பஞ்சம்.

அன்றைக்கே ஒரு நோட்டு வாங்கினாள். ஆளுக்கு ஒரு பக்கம். பக்கத்துக்கு ஒரே ஒரு கேள்வி: இந்த மனுஷர் எதற்காக எழுந்து வருவார்? ஃப்ரீடா கார்லோவ்னா என்ற ஜெர்மானியக் கிழவி நாற்பது வருடம் கிராமப் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்தவள். மூட்டுவலி, கட்டிலை விட்டு இறங்க மாட்டேன் என்றாள். ஜிபார் சமையலறைக் கணக்கைக் கொண்டுபோய் அவள் மடியில் போட்டு, ரொட்டி தினம் நாலு குறைகிறது, எங்கே போகிறதென்று தெரியவில்லை என்றாள். மறுநாள் காலை கிழவி கைத்தடியோடு சமையலறை வாசலில் நின்றாள். சமையல்காரி லியூபா அதற்காக ஜிபாரை இன்றுவரை மன்னிக்கவில்லை. பழைய டிராக்டர் ஓட்டுநர் ஒரோஸ்பெக்குக்கு வாய் ஓயாது. அவருக்குக் காலை ஏழு மணிக்கு வானொலி கேட்டு, மேல்தளம் முழுக்க நடந்து வானிலை சொல்லும் வேலை. மழை என்றால் தாமே பெய்விப்பதுபோலச் சொல்வார்.

சும்மா சொல்லக்கூடாது, ஜிபாருக்கு அதில் கர்வம் உண்டு. என் நோட்டில் காலிப் பக்கமே கிடையாது என்று டாக்டரிடமே சொல்வாள். அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தவளிடம்தான் இரண்டாயிரத்துப் பதினெட்டு அக்டோபரில் ஜுமாதில் வந்து சேர்ந்தார்.

மலையில் குதிரை மேய்த்தவர். மனைவி போய்விட்டாள், பிள்ளை இல்லை. தம்பி மகன் கொண்டுவந்து விட்டுவிட்டுக் காரை அணைக்காமலே கிளம்பிப்போனான். முதல் நாள் மதியம் சாப்பாட்டு அறையில் காலியாக இருந்த நாற்காலியைக் காட்டினார்கள். வாசலை ஒட்டிய நாற்காலி. உட்கார்ந்தார், தட்டைப் பார்த்தார், எழுந்து மேலே போனார், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். அவ்வளவுதான். தேநீரும் ஒரு துண்டு ரொட்டியும் அறைக்குப் போகும். பாதி திரும்பி வரும். யார் பேசினாலும் பதில் இல்லை.

ஜிபார் சும்மா விடுவாளா? குதிரைப் படம் கொண்டுபோனாள். சேணத்து வாரைக் கொண்டுபோய்த் தைத்துத் தரச்சொன்னாள். ஒன்பது குழிப் பலகையில் உருண்டைக் கற்களை அடுக்கிக் கட்டிலோரம் வைத்து, பல்லாங்குழி மாதிரியான அந்த ஆட்டத்தில் நர்ஸிடம் வேண்டுமென்றே மடத்தனமாகத் தோற்றாள்; மலைக்காரன் எவனும் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டான். அவர் முதுகு அசையவில்லை. ஒரே ஒரு தடவை, டிசம்பரில், வாய் திறந்தார்.

"கூப்பிடாத வீட்ல நான் கை நனைக்கறதில்ல" என்றார்.

அதற்கு என்ன அர்த்தம் என்று ஜிபார் மண்டையை உடைத்துக்கொண்டாள். பிப்ரவரி முடிவில் டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, மனுஷர் உடம்பில் நோய் ஒன்றும் இல்லை, தானாகவே அணைந்துகொண்டிருக்கிறார், இப்படியே போனால் மே மாதம் பார்ப்பது சந்தேகம் என்றார். நோட்டில் ஜுமாதில் பக்கம் வெள்ளையாகவே கிடந்தது. தன் வித்தை பலிக்கவில்லை என்கிற ரோஷம் பாதி, ஒரு மனிதர் கண்ணெதிரில் கரைகிறாரே என்கிற வேதனை பாதி. அந்த மாதம் அவள் வீட்டிலும் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

மார்ச்சில் வசந்த விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஓர் ஆடு வந்தது. கணவாயில் லாரி கவிழ்ந்து பிழைத்துக்கொண்ட ஒருவன் வேண்டுதலுக்காக ஓட்டிவந்து வாசலில் கட்டிவிட்டுப் போனான். லியூபா கோடரியை எடுத்தாள். துண்டு துண்டாக வெட்டி அண்டாவில் போட்டால் அறுபது பேருக்கும் சூப் ஆச்சு என்பது அவள் கணக்கு. ஜிபார் குறுக்கே போய் நின்றாள். எலும்பை உடைக்காமல் மூட்டு மூட்டாகப் பிரிக்க வேண்டும், விருந்துக்கு வைப்பதுபோல மூத்தவருக்கு மூத்த எலும்பு, இளையவருக்கு இளைய எலும்பு என்று முறைப்படி பரிமாற வேண்டும் என்றாள். எங்கள் பந்தியில் கறி வெறும் கறி இல்லை. இடுப்பெலும்பு மூத்த ஆணுக்கு, தொடையெலும்பு அடுத்தவருக்கு, வால்கொழுப்பு மூத்த பெண்ணுக்கு. எலும்பைப் பார்த்தே அவரவர் மதிப்பு என்ன என்று சொல்லிவிடலாம். இந்த இல்லத்தில் எத்தனையோ வருடமாக எல்லோருக்கும் ஒரே கரண்டி.

இயக்குநர் குபாத் சட்டப் புத்தகத்தை விரித்தார். ஆளுக்கு இத்தனை கிராம், அதுவும் அரைத்தது. ஜிபார் அவரிடம் சண்டை போட்டாள், கெஞ்சினாள், பிறகு மறுபடி சண்டை போட்டாள். கடைசியில் பேரம் படிந்தது: நீளவாக்கில் பாதி ஆடு சட்டத்துக்கு, பாதி ஆடு ஜிபாருக்கு. சட்டத்தின் பாதி அரைவை இயந்திரத்துக்குப் போனது. ஜிபாரின் பாதிக்கு ஓர் இடுப்பெலும்பு, ஒரு தொடை, ஒரு கால், ஒரு தோள், விலா, முதுகெலும்பு. வாலையும் அடம்பிடித்து வாங்கிக்கொண்டாள். மேல்தளத்தின் கோடியில் இருக்கிற பதினோரு பேருக்கு அது போதும்.

பந்தியைக் கூடத்தில் போடவில்லை. ஜுமாதில் இறங்கி வரமாட்டார், அதனால் பந்தி அவரிடம் போயிற்று. நடையின் கடைக்கோடியில் அவர் அறை. மேசைகளை நடையில் வரிசையாகப் போட்டு, மூத்தவர் உட்காரும் தலைமாடு அவர் கதவுக்குப் பக்கத்தில் வருகிறமாதிரி அமைத்தாள். கதவைத் திறந்தே வைத்தாள். வாசனையாவது உள்ளே போகட்டும் என்பது அவள் எண்ணம்.

இனி யாருக்கு எந்த எலும்பு? தப்பு வரக்கூடாது. அலுவலகத்தில் உட்கார்ந்து பதினோரு பேரின் கோப்புகளையும் எடுத்து, பிறந்த வருடத்தை வரிசைப்படுத்தி எழுதினாள். ஒரோஸ்பெக் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்று. ஆண்களில் அவரே மூத்தவர். ஜுமாதில் நாற்பத்தைந்து, நான்காவது இடம். பட்டியலைப் படித்துப் பார்த்துத் தானே மெச்சிக்கொண்டாள். மெத்தப் படித்தவள், பாவம், காகிதத்தை நம்பினாள்.

விழா அன்று பதினோரு பேரில் பத்துப் பேர் நல்ல உடுப்பு உடுத்தி வந்து உட்கார்ந்தார்கள். வழக்கமாக இரவுச் சட்டையிலேயே திரிகிற ஆட்கள். ஃப்ரீடா கழுத்தில் பாசிமணி போட்டிருந்தாள். ஆண்கள் வெள்ளைக் கம்பளித் தொப்பி வைத்திருந்தார்கள். லியூபா ஆவி பறக்கத் தட்டுகளைக் கொண்டுவந்தாள். ஜிபார் முதல் தட்டை இரண்டு கையாலும் ஏந்திப் போய், தலைமாட்டில் உட்கார்ந்திருந்த ஒரோஸ்பெக் முன்னால் இடுப்பெலும்பை வைத்து, "மூத்தவருக்கு" என்றாள். ஒரோஸ்பெக் மார்பை நிமிர்த்திக்கொண்டார்.

அப்போது அறைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"செம்மறி வருஷத்துக்காரன் இடுப்பெலும்பு திங்கிறான். குதிரை வருஷத்துக்காரன் செத்தா போயிட்டான்?"

ஜிபார் திரும்பினாள். கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஜுமாதில் நின்றார். வெறுங்கால். கீழே கம்பளி உள்ளாடை. தலையில் மட்டும் தொப்பியை ஒழுங்காக வைத்திருந்தார். ஐந்து மாதத்துக்குப் பிறகு அந்த மனிதர் தன் காலில் நிற்கிறார் என்பதை நர்ஸ்தான் முதலில் உணர்ந்து ஓடிவரப் பார்த்தாள். ஜிபார் கையைக் காட்டி அவளை நிறுத்தினாள்.

எங்களுக்குப் பன்னிரண்டு வருடத்துக்குப் பன்னிரண்டு விலங்கு, வருடத்துக்கு ஒன்றாக வரிசையில் சுற்றி வரும். பாஸ்போர்ட்டில் எந்தக் குமாஸ்தா என்ன எழுதியிருந்தாலும், கிழவர்களின் உண்மையான வயது அந்த விலங்கில்தான் இருக்கிறது. ஒரோஸ்பெக் வானிலை சொல்லும்போதெல்லாம், நான் செம்மறி வருஷத்தில் பிறந்தவன், அதனால்தான் இவ்வளவு சாது என்று முடிப்பார். ஜிபார் அதை ஆயிரம் தடவை கேட்டிருப்பாள். ஒரு தடவை கூட விரல்விட்டு எண்ணிப் பார்த்ததில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தவர் எண்ணியிருக்கிறார்.

ஒரோஸ்பெக் விடவில்லை. பாஸ்போர்ட் இருக்கிறது, முத்திரை இருக்கிறது, நாற்பத்தொன்று என்று போட்டிருக்கிறது என்று முழங்கினார். ஃப்ரீடா கைத்தடியால் தரையைத் தட்டினாள். வகுப்பில் சத்தம் போட்ட பையனை எழுப்புகிற அதே தட்டு.

"நாப்பத்தொண்ணு பாம்பு வருஷம். நாப்பத்திரெண்டு குதிரை. நாப்பத்திமூணுதான் செம்மறி. ஒரோஸ்பெக், நீ சொன்னது பொய்யா, உன் பாஸ்போர்ட் சொல்றது பொய்யா? ரெண்டுல ஒண்ணுதான் இருக்க முடியும்."

ஒரோஸ்பெக்கின் கழுத்து சிவந்தது. கடைசியில் கக்கிவிட்டார். டிராக்டர் பயிற்சிக்குப் பதினெட்டு வயது வேண்டும் என்றார்களாம்; அவருக்குப் பதினாறு. பண்ணைத் தலைவர் இரண்டு வருடம் கூட்டி எழுதிக்கொடுத்தார். அறுபது வருடமாக அந்த இரண்டு வருடத்தைச் சுமந்துகொண்டு திரிகிறார். ஜுமாதில் கதை நேர்மாறு. மலையில் பிறந்த பிள்ளையைப் பதிய அவர் அப்பா அடிவாரத்துக்கு இறங்கிவந்ததே மூன்று வருடம் கழித்துத்தான்; வந்த வருடத்தையே பிறந்த வருடமாக எழுதிவிட்டார்கள்.

"மொத நாளு என்னைக் கதவுகிட்ட உக்கார வச்சீங்க" என்றார் ஜுமாதில், ஜிபாரைப் பார்த்து. கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் அவளைக் குத்தியது. "கதவுகிட்ட உக்கார்றது வீட்ல கடைசிப் பொடியன். சரி, தெரியாம செஞ்சீங்கன்னு நினைச்சேன். இன்னைக்கு எழுதி வச்சுட்டே செய்றீங்க."

ஜிபாருக்கு உடம்பு முழுக்கக் கூசியது. ஐந்து மாதமாகக் குதிரைப் படம் காட்டினாளே, சேணத்து வாரைக் காட்டினாளே! மனிதர் கேட்டது உட்கார ஒரு முறையான இடம். அதைக் கேட்க அவருக்கு வெட்கம், புரிந்துகொள்ள இவளுக்குத் துப்பில்லை. தலை குனிந்து, தப்பு முழுக்க என்மேல் என்றாள். ஆனால் தப்பை ஒப்புக்கொண்டால் எலும்பு இடம் மாறிவிடுமா? ஒருவர் முன்னால் வைத்த எலும்பைத் திரும்ப எடுப்பது அவரைப் பந்தியிலிருந்து கையைப் பிடித்து எழுப்புவதற்குச் சமம். இவரிடமிருந்து எடுத்தால் இவருக்கு அவமானம், எடுக்காவிட்டால் அவருக்கு அவமானம். லியூபா, ரெண்டா வெட்டிக் கொடுத்துடலாமே என்று முணுமுணுத்தாள். பத்துப் பேரும் அவளைப் பார்த்த பார்வையில் அவள் கத்தியை ஏப்ரனுக்குள் ஒளித்துக்கொண்டாள்.

ஜுமாதில் மெல்ல உள்பக்கம் திரும்பினார். கட்டில் நாலடி தூரத்தில் இருந்தது. இப்போது படுத்தால் இனி எழமாட்டார் என்று ஜிபாருக்குத் தெரிந்தது. நோட்டு நோட்டாக எழுதி என்ன, அந்த நேரத்தில் அவளிடம் எந்த வித்தையும் இல்லை.

நாற்காலி கிரீச்சிட்டது. ஒரோஸ்பெக் எழுந்துகொண்டிருந்தார். அவர் முழங்கால்களுக்கு எழுவது என்பது தனி நிகழ்ச்சி. மேசையைப் பிடித்து, மூச்சுவிட்டு, மறுபடி பிடித்து நிமிர்ந்தார். தட்டை இரண்டு கையாலும் தூக்கினார். வாழ்க்கையில் எவனுக்கும் இரண்டாவதாக நிற்காத மனிதர். கொடுப்பாரா, தூக்கி வீசுவாரா என்று யாருக்கும் தெரியவில்லை.

"அண்ணே" என்றார். அந்த மாடியில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை யாரும் கேட்டதில்லை. "இந்தப் பொண்ணு வச்சது தப்பில்ல. நான் எழுதிக்கிட்ட வயசு தப்பு. இது உங்களோடது. வந்து உக்காருங்கண்ணே."

தட்டைத் தலைமாட்டில் வைத்துவிட்டு, தன் திண்டை எடுத்துக்கொண்டு அடுத்த நாற்காலிக்கு நகர்ந்தார். மேசை முழுவதும் ஆளுக்கு ஓரிடம் நகர்ந்து கொடுத்தது.

ஜுமாதில் வந்தார். கதவிலிருந்து நாற்காலி வரை அவர் நடந்த நேரத்தில் லியூபா ஒரு பானை நூடுல்ஸே வேகவைத்திருக்கலாம். உட்கார்ந்து, மூச்சு திரும்பியதும் ஒரோஸ்பெக்கைப் பார்த்து, "தம்பி, செம்மறின்னா இவ்வளவு சத்தமா கத்துமா? அஞ்சு மாசமா காலையில என்னைத் தூங்க விடல நீ" என்றார். முதலில் சிரித்தது ஒரோஸ்பெக்தான்.

பிறகு ஜுமாதில் கத்தியைக் கேட்டு வாங்கினார். கத்தி தன் வேலையை மறக்கவில்லை. எலும்பிலிருந்து கறியை மெல்லிசாகச் சீவி, முதல் வாயைத் தன் கையாலேயே ஒரோஸ்பெக்குக்கு ஊட்டினார். இரண்டாவதைத் தான் தின்றார். மூன்றாவது, நான்காவது. நர்ஸ் படிக்கட்டில் நின்று வாயை எண்ணிக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். எலும்புச் சாறு ஒரு கிண்ணம் குடித்துவிட்டு, இன்னொரு கிண்ணத்துக்குக் கையை நீட்டினார். ஃப்ரீடா வால்கொழுப்பைச் சப்புக்கொட்டிச் சாப்பிட்டபடி, மொத்த மேசையிலும் மூத்தது நான்தான், புலி வருஷம், முப்பத்தெட்டு, பொம்பளைங்கறதால இந்தச் சண்டையில இருந்து தப்பிச்சேன் என்றாள்.

மூத்தவர் வாழ்த்தாமல் பந்தி எழக்கூடாது. எல்லோரும் ஜுமாதில் முகத்தைப் பார்த்தார்கள். அவர் உள்ளங்கைகளை விரிக்கப் போனவர் நிறுத்திக்கொண்டார்.

"யார் வீட்டுப் பந்தி இது? யாரை வாழ்த்தறது?"

அரசாங்கத்து வீடு என்று சொல்ல ஜிபார் வாயெடுத்தாள். அதற்குள் ஃப்ரீடா, இதில் என்ன கேள்வி என்கிற மாதிரி, "ஜிபார் வீடுதான்" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. ஒரோஸ்பெக், ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்.

ஜுமாதில் கைகளை விரித்தார். பத்துப் பேரின் கைகளும் விரிந்தன. லியூபாவும் கையை ஏப்ரனில் துடைத்துவிட்டு விரித்தாள்.

"ஜிபார், உன் வாசல் அடையாம இருக்கட்டும். உன் பந்தியில ஆள் குறையாம இருக்கட்டும். நாளைக்கு நீ கிழவியாகி உக்கார்றப்போ, உன் முன்னால சரியான எலும்பு வைக்கிறதுக்கு உன்ன மாதிரி ஒருத்தி வரட்டும்."

ஆமின் என்று எல்லோரும் முகத்தைத் தடவிக்கொண்டார்கள். ஜிபார் முகத்தில் வைத்த கையை உடனே எடுக்கவில்லை. ஐம்பத்துநாலு வருடத்தில் அவளை எவ்வளவோ பேர் எவ்வளவோ சொல்லியிருக்கிறார்கள். பந்தி போட்ட வீட்டுக்காரி என்று ஒரு சபையில் வைத்து வாழ்த்தியது இதுதான் முதல் தடவை.

மற்றவர்கள் கலைந்தார்கள். நர்ஸ் வந்து ஜுமாதிலைக் கட்டிலுக்கு அழைத்துப்போகக் கையை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை. இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு, நாளைக்கு என்ன என்று ஜிபாரைக் கேட்டார்.

"வயசுக் கணக்குண்ணே" என்றாள் ஜிபார். அந்த நொடியில்தான் அவளுக்கே தோன்றியது. "பத்து மணிக்குக் கீழே கூடத்துல. அறுபது பேருக்கும் நிஜ வயசைக் கண்டுபிடிச்சு எழுதணும், யார் எங்க உக்காரணும்னு முடிவு பண்ணணும். ஃப்ரீடா கார்லோவ்னா எண்ணுவாங்க. தீர்ப்பு சொல்ல மூத்தவர் வேணும்."

அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார்.

"அப்ப என் பூட்ஸை எடுத்து வை. வெறுங்கால்ல போய் தீர்ப்பு சொல்ல முடியாது."

வந்த அன்று நர்ஸ் கட்டிலுக்கடியில் தள்ளிவைத்த பையிலேயே கிடந்தன அவை. ஜிபார் முட்டிபோட்டுக் கட்டிலுக்கடியில் புகுந்தாள். ஒரு கையால் பையை இழுத்தாள், மறு கையால் கண்ணைத் துடைத்தாள். அங்கே தன்னை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள். பூட்ஸைத் தூசி தட்டிக் கதவுப்பக்கம் ஜோடியாக வைத்துவிட்டு, நோட்டைப் பிரித்து அந்த வெள்ளைப் பக்கத்தில் எழுதத் தொடங்கினாள்.